குதிகாலில் வைத்த கரி

மலாயாவில் சாஆ என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் சவேரியம்மா பதினெட்டு வருஷம் ஆயாவாக வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரி என்று பெயர்தான். அத்தாப்பு ஓலைக் கூரை, விரல் நுழையும் இடைவெளி விட்டு அடித்த பலகைச் சுவர், பன்னிரண்டு கட்டில், பின்பக்கம் பிணம் கழுவ ஒரு சிமெண்டு மேடை. பெரிய டாக்டர் வியாழக்கிழமை மட்டும் வருவார். மருந்தும் ஊசியும் டிரெஸ்ஸர் கிரகோரியின் பொறுப்பு. மிச்சமெல்லாம் சவேரியம்மாவின் தலையில். காய்ச்சல்காரரைத் துடைப்பாள், வாந்தி அள்ளுவாள், காலில் வந்த புண்ணைக் கழுவிக் கட்டுவாள், கூலிகள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் போய்ப் பிரசவம் பார்ப்பாள், செத்தவர்களைக் கழுவித் துணி சுற்றுவாள். நோயாளியைப் புரட்டிப் போட்டாலும் அவனுக்கு வலிக்காது, அப்படி ஒரு கை. வாய் அப்படி இல்லை. "அழுதா காய்ச்சல் ஏறும், பேசாம படு" என்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஆறுதல்.

யாரும் கொடுக்காத வேலை ஒன்றையும் அவள் செய்துவந்தாள். பிழைக்காது என்று அவளுக்குப் பட்ட குழந்தைக்கு முகம் துடைக்கிற சாக்கில் நெற்றியில் மூன்று தரம் தண்ணீர் விட்டு, உதடு மட்டும் அசைய, பிதா சுதன் என்று தொடங்கும் வார்த்தைகளைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்துவிடுவாள். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது அவளுடைய வேதத்தில் உள்ளது. சாமியார் வருஷத்துக்கு இரண்டு முறை பூசை வைக்க வருவார், அவரும் அதை ஒப்புக்கொண்டிருந்தார். பெற்றவர்களிடம் அவள் சொல்வதில்லை. மாரியம்மனைக் கும்பிடுகிற ஜனங்கள். சொன்னால் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்ற பிறகு செய்வதைவிடச் சொல்லாமல் செய்வது மேல் என்று அவள் நினைத்தாள். அந்தப் பிள்ளைகள் மாலையில் தோட்டத்துப் புதைகாட்டில் மற்றவர்களோடு மண்ணுக்குள் போனார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்பது தனக்கு மட்டும் தெரியும் என்று சவேரியம்மா இருந்தாள்.

இது தொடங்கியது கப்பலில்.

1916-ம் வருஷம் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது அவளுக்கு ஒன்பதாம் மாதம். ஏழுதான் என்று கூலிக்கு ஆள் சேர்க்கும் ஆள்கட்டிக் கங்காணியிடம் புருஷன் லூயிஸ் பொய் சொல்லியிருந்தான். நாலாம் நாள், கீழ்த்தட்டில், மாட்டுக்கூட்டம் போல ஆட்கள் படுத்திருந்த இடத்தில் பெண் பிள்ளை பிறந்தது. புடவையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் வெள்ளையம்மா. பதினாறு வயது, சின்னத்தம்பி என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டு மூன்று மாதம். அன்றிலிருந்து சவேரியம்மா அவளுக்கு அக்கா.

பிள்ளைக்கு அன்றைக்கே தண்ணீர் ஊற்றிவிடலாம் என்று சவேரியம்மா சொன்னாள். லூயிஸ் கேட்கவில்லை. மூன்று தலைமுறையாக வேதக்காரக் குடும்பம், என் பிள்ளைக்குக் கப்பல் தண்ணீரிலா ஞானஸ்நானம், சிங்கப்பூரில் கோவில் இருக்கிறது, சாமியார் இருக்கிறார், ஞானத்தகப்பன் ஞானத்தாய் வைத்து முறைப்படி செய்வோம் என்றான். அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. மதலேன் என்று பெயர் மட்டும் தீர்மானித்து வைத்திருந்தார்கள்.

சிங்கப்பூருக்கு வெளியே ஒரு தீவில் கூலிகளை இறக்கி, நோய் இருக்கிறதா என்று பார்க்க அடைத்து வைத்தார்கள். இரண்டாம் நாள் காலை ஆண்களை மருந்துத் தண்ணீரில் குளிக்க வரிசையில் நிறுத்தியிருந்தபோது, பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தியது. உதடு நீலம் பாரித்தது. தண்ணீர்ப் பீப்பாய் கொட்டகையின் மறுகோடியில் இருந்தது. பிள்ளையை வெள்ளையம்மாவின் கையில் கொடுத்துவிட்டுச் சவேரியம்மா ஓடினாள். தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள் திட்டினார்கள், ஒருத்தி முடியைப் பிடித்து இழுத்தாள். இடித்துத் தள்ளி ஒரு சிரட்டை தண்ணீர் மொண்டு, பாதி சிந்தி, ஓடி வந்து நெற்றியில் மூன்று தரம் ஊற்றி, பெயர் சொல்லி, வார்த்தைகளைச் சொன்னாள். அதன் பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். உயிர் இல்லை. தண்ணீர் பட்டதும் போயிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள். வெள்ளையம்மா எதையோ சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஞானஸ்நானம் இல்லாமல் சாகிற பிள்ளைக்கு நரகம் இல்லை, மோட்சமும் இல்லை. நோவு இல்லாத ஓர் இடம், ஆனால் சர்வேசுரன் முகத்தை என்றைக்கும் பார்க்க முடியாது, தாயும் அங்கே போய்ச் சேர முடியாது. சின்ன வயதில் கோவிலில் மனப்பாடம் பண்ணினது. மதலேன் அந்த இடத்தை ஒரு சிரட்டைத் தண்ணீரில் தாண்டியிருந்தாள். இனி எந்தப் பிள்ளைக்கும் காத்திருப்பதில்லை என்று சவேரியம்மா அங்கேயே முடிவு செய்துகொண்டாள். அடுத்த வருஷம் லூயிஸ் கறுப்பு மூத்திரக் காய்ச்சலில் செத்தான். ஒண்டிக்கட்டையானவளை 1918-ல் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள்.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சதாசிவம் பத்திரிகை படிக்கிறவர். கழுத்தில் கட்டி வந்து ஒரு நாள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு, மதமெல்லாம் ஒன்றுதான், என் சாமி உசத்தி உன் சாமி மட்டம் என்பது படிக்காத ஜனங்களின் சண்டை என்று டிரெஸ்ஸருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சவேரியம்மா வெந்நீர்த் துணியோடு பின்னால் நின்றாள்.

"கிராணி ஐயா, உங்களுக்குப் புள்ள செத்திருக்கா?" என்று கேட்டாள்.

"எனக்குக் கல்யாணமே ஆகலையேம்மா."

"அதான் கேட்டேன்" என்று சொல்லிக் கட்டியை அழுத்தினாள். அதற்குப் பிறகு அவர் மதத்தைப் பற்றிப் பேசவில்லை.

இதே தோட்டத்துக்கு வந்து சேர்ந்த வெள்ளையம்மாவுக்கு நாலு வருஷம் பிள்ளை இல்லை. அதன் பிறகு பிறந்தவன் மூர்த்தி. பதினோரு மாதத்தில், 1921 மழைக்காலத்தில், வயிற்றுப்போக்கு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். கண் குழி விழுந்துவிட்டது. வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. இவன் தங்க மாட்டான் என்று சவேரியம்மாவுக்குத் தெரிந்தது. வெள்ளையம்மா துணி அலசப் போன நேரத்தில் தண்ணீர் விட்டாள். ஒரு மணி நேரத்தில் பிள்ளை அடங்கியது.

வெள்ளையம்மா ஓலமிடவில்லை. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து வந்து பிள்ளையின் குதிகாலில் பெருவிரலால் அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள். இவன் திரும்ப என் வயிற்றுக்கே வருவான் அக்கா, அடையாளம் தெரிய வேண்டாமா என்றாள். அவள் ஊரில் அப்படித்தான் செய்வார்களாம். பிறகு வெளியே பெண்களோடு போய் உட்கார்ந்தாள்.

சவேரியம்மா உடலை மேடைக்கு எடுத்துப் போனாள். வலது குதிகாலில் கரி இருந்தது. எண்ணெய்க் கரி லேசில் போகாது. சவுக்காரம் போட்டு இரண்டு தரம் தேய்த்துக் கழுவினாள். செத்தவரை அழுக்கோடு அனுப்பி அவளுக்குப் பழக்கம் இல்லை. அது மட்டும் காரணம் இல்லை. மோட்சத்துக்குப் போன பிள்ளையைத் திரும்பி வா என்று கூப்பிடும் அடையாளம் அது. இருக்கக் கூடாது என்று நினைத்தாள். துணி சுற்றிக் கொடுத்தபோது கால் தெரியவில்லை. மதலேனுக்கு ஒரு தம்பி போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். அவள் தண்ணீர் விட்ட ஒவ்வொரு பிள்ளையையும் அப்படித்தான் மகளுக்குத் துணையாக அனுப்பினாள்.

இரண்டு வருஷம் கழித்து வெள்ளையம்மாவுக்கு மறுபடியும் ஆண் பிள்ளை பிறந்தது. பிரசவம் பார்த்தவள் சவேரியம்மாதான். தொப்புள் கொடியைக் கட்டிவிட்டுப் பிள்ளையைத் துடைக்கையில் இடது குதிகாலில் புளியங்கொட்டை அளவு கறுப்பு மச்சம் இருப்பதைப் பார்த்தாள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளைத் துடைத்தவள். மச்சம் இல்லாத பிள்ளைதான் குறைவு. ஆனால் வெள்ளையம்மா படுத்தபடியே கையை நீட்டி, "காலக் காட்டுங்க" என்றாள். பார்த்ததும் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைக் கண்டு, இது இடது கால் என்று சொல்ல வந்ததைச் சவேரியம்மா விழுங்கிக்கொண்டாள். ரத்தப்போக்கு இன்னும் நிற்கவில்லை. அந்த நேரத்தில் சொல்லுகிற பேச்சு இல்லை அது. பிறகும் சொல்லவில்லை.

வந்தவன் மறுபடி போகாமல் இருக்க ஒரு முறை உண்டு. பிள்ளையைக் குப்பைமேட்டில் போட்டுவிட்டுத் தாய் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். வேறொருத்தி எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு படி தவிட்டுக்குத் தாயிடமே கொடுக்க வேண்டும். குப்பையில் கிடந்த, தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்று எமன் சீந்த மாட்டான். எடுப்பதற்கு வெள்ளையம்மா சவேரியம்மாவைத்தான் கேட்டாள். வேற வேதக்காரி கையில் இருந்து வாங்கினால் இன்னும் நல்லது, தடம் சுத்தமாக அழிந்துபோகும் என்றாள். சவேரியம்மா முணுமுணுத்துக்கொண்டே போய் எடுத்தாள். பிள்ளைக்கு மூக்குக் குத்தி, குப்பன் என்று பெயர் வைத்தார்கள். தவிட்டைச் சவேரியம்மா ஆஸ்பத்திரிக் கோழிகளுக்குப் போட்டாள். அடுத்த முறை சாமியார் வந்தபோது பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள். அவர் மூன்று செபமாலை அபராதம் கொடுத்தார்.

குப்பன் மூன்று வயது வரை நன்றாக இருந்தான். லயத்து வாசலில் கோழியைத் துரத்துவான். சவேரியம்மாவைக் கண்டால் வெள்ளையம்மா, "இந்தா வர்றா பாரு, உன்ன வித்தவ" என்பாள். "நல்ல புள்ளைன்னா ஒரு படித் தவிட்டுக்கா குடுத்திருப்பேன்?" என்பாள் இவள். அவன் ஓடி வந்து இவள் முழங்காலைக் கட்டிக்கொள்வான். கையில் இருக்கும் ரொட்டியைக் கொடுத்து விலக்கிவிடுவாள்.

1926 வைகாசியில் குப்பனுக்குக் காய்ச்சல் கண்டது. அந்த மாதம் லயத்தில் வீட்டுக்கு ஒருவருக்குக் குளிர்காய்ச்சல். இவனுக்கு மூன்றாம் நாள் ஜன்னி கண்டு, கண் மேலே சொருகி, கை கால் இழுத்தது. கிரகோரி குளிர்காய்ச்சலுக்கான கொய்னா ஊசி போட்டார். திங்கட்கிழமை போட்டது, செவ்வாய்க்கிழமை காலையில் மறுபடி போட்டது, இரண்டும் கேட்கவில்லை. டாக்டர் வர வியாழன் ஆக வேண்டும். அதற்கு மேல் செய்ய என்னிடம் ஒன்றும் இல்லை என்று கிரகோரி தாழ்வான குரலில் சவேரியம்மாவிடம் சொன்னார். அவளுக்கு அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூச்சு இழுத்து இழுத்து நின்று வந்தது.

செவ்வாய் மத்தியானம். சின்னத்தம்பி ரப்பர் பால் எடுக்கப் போயிருந்தான். வெள்ளையம்மா ஈரத்துணி மாற்றக் கிணற்றடிக்குப் போனாள். சவேரியம்மா பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக் கட்டில் ஓரம் உட்கார்ந்து, பிள்ளையின் நெற்றி மயிரை ஒதுக்கினாள். கிண்ணத்தைச் சாய்க்கப் போனபோது வாசலில் நிழல் விழுந்தது.

வந்தவள் வெள்ளையம்மா. நனைந்த துணியைக் கையில் பிடித்தபடி கிண்ணத்தையும் சவேரியம்மாவின் உதட்டையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது அன்னிக்குத் தீவுல பண்ணினது" என்றாள்.

சவேரியம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"மூர்த்திக்கும் பண்ணினீங்களா அக்கா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் கொடுத்த ஞானஸ்நானத்தை இல்லை என்று சொல்வது மறுதலிப்பதற்குச் சமம். அவளுக்கு வாய் வரவில்லை.

"பண்ணினேன்."

"எதுக்கு?"

"மோட்சத்துக்குப் போகத்தான். போயிட்டான். அங்க எம் மக கூட இருக்கான்."

"திரும்பி வர மாட்டானா?"

"அங்க போனவங்க வர்றதில்ல புள்ள. வர வேண்டிய அவசியமும் இல்ல."

வெள்ளையம்மா கட்டிலைக் காட்டினாள். "அப்போ இவன் யாரு?"

அதற்குச் சவேரியம்மாவிடம் பதில் இருந்தது. அதை ஆறுதல் என்றுகூட அவள் நினைத்தாள். இவன் குப்பன், வேறு பிள்ளை, உனக்கு இரண்டு பிள்ளைகள், ஒருத்தன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டான், இவனுக்கும் வழி செய்யத்தான் வந்தேன் என்று சொன்னாள்.

"எனக்கு ஒரே புள்ளதான்" என்றாள் வெள்ளையம்மா. "ரெண்டு தடவ பெத்தேன்." போர்வையை விலக்கி இடது காலைத் தூக்கிக் காட்டினாள். "இது என்னவாம்?"

இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் சவேரியம்மாவும் மூன்று நாளாகச் சரியாகப் படுக்கவில்லை. கிண்ணம் காலடியில் இருந்தது, நேரம் போய்க்கொண்டிருந்தது, இவள் ஒரு மச்சத்தைக் காட்டி வழியை மறிக்கிறாள் என்றுதான் பட்டது.

"நீ கரி வச்சது வலது குதிகால்ல. இவனுக்கு மச்சம் இடது கால்ல இருக்கு. அந்தக் குதிகாலச் சவுக்காரம் போட்டுக் கழுவினவ நான்தான். எனக்குத் தெரியாதா?"

வெள்ளையம்மா காலை மெதுவாகக் கட்டிலில் வைத்துப் போர்வையை இழுத்துவிட்டாள்.

"நான் வச்ச கரியக் கழுவிட்டியா நீ?"

பத்து வருஷத்தில் முதல் தடவையாக அக்காவும் இல்லை, நீங்களும் இல்லை.

"கழுவினேன்."

"கழுவியும் வந்துட்டான் பாரு. நீதான் எந்தக் கால்னு மறந்துட்ட. நீ சொல்றது தப்பு." பிறகு, குரலை உயர்த்தாமல், "நானும் ஒண்ணு சொல்றேன்" என்றாள். "பாவமேன்னு இத்தன வருஷமாச் சொல்லல. அன்னிக்கு நீ சிரட்டைக்கு ஓடினியே, நீ கொட்டகையத் தாண்டலை, உம் மக போயிட்டா. என் மடியிலதான் கெடந்தா. நீ திரும்பி வர்றதுக்குள்ள கை சில்லிட்டுப் போச்சு. நீ பொணத்துக்குத்தான் தண்ணி ஊத்தின."

பலகை இடுக்கு வழியாக வெயில் கோடு கோடாகத் தரையில் விழுந்திருந்தது. சவேரியம்மா அதைப் பார்த்தாள். தீவில் பிள்ளையைத் திருப்பி வாங்கியபோது அந்த உடம்பு சூடாக இருந்ததா என்று யோசித்தாள். சிரட்டைத் தண்ணீரின் குளிர்ச்சிதான் நினைவுக்கு வந்தது.

"உனக்கு அப்போ பதினாறு வயசு" என்றாள். "சாவு எப்படி இருக்கும்னு உனக்கு என்ன தெரியும்? மூச்சு இருந்துச்சு. நீ சொல்றது தப்பு."

மேலே பேச முடியவில்லை. குப்பனுக்கு இழுப்பு வந்துவிட்டது. ஒருத்தி துணி சுற்றிய கரண்டிக் காம்பைப் பல்லுக்கு நடுவே வைத்தாள், இன்னொருத்தி கால்களை அழுத்திப் பிடித்தாள். இழுப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் வெள்ளையம்மா கட்டிலை விட்டு நகரவில்லை.

"இவன் மேல அந்தத் தண்ணி படக் கூடாது" என்றாள். "போனா திரும்பி வரணும். எனக்கு வேற நாதி இல்ல."

சவேரியம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

புதன் காலையில் பிள்ளையின் கண் பாதி திறந்தே இருந்தது. தொட்டால் இமை ஆடவில்லை. நகம் வெளிறிவிட்டது. சின்னத்தம்பி மாரியம்மன் கோவிலுக்குப் போய்த் திருநீறு வாங்கி வந்து நெற்றியில் பூசிவிட்டு, வாசற்படியில் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். சவேரியம்மா மற்றக் கட்டில்களின் வேலையைப் பார்த்தாள். கஞ்சி ஊற்றினாள், பேதிக்காரன் ஒருவனுக்குத் துணி மாற்றினாள். கை வேலை செய்தது. ஊற்றினால் வெள்ளையம்மாவின் பிள்ளையைத் தானே பறித்த மாதிரி, அவள் அப்படித்தான் எடுத்துக்கொள்வாள். ஊற்றாமல் விட்டாலோ, இத்தனை வருஷம் ஊற்றியதெல்லாம் வெறும் தண்ணீர் என்று தானே ஒப்புக்கொண்டதாகும். அந்தப் பிள்ளைகள் எல்லாம் புதைகாட்டு மண்ணில் கிடக்கிறார்கள், அவ்வளவுதான் என்று ஆகும். தீவில் மணலைத் தோண்டி வைத்த ஒன்பது நாள் பிள்ளையும் அங்கேயே கிடக்கிறாள் என்று ஆகும்.

ஒன்பது மணிக்கு மேல் மூச்சு நின்று நின்று வந்தது. வெள்ளையம்மா எழுந்தாள். சவேரியம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு புறப்பட்டு ஆஸ்பத்திரிக் குசினிப் பக்கம் போனாள். எதற்குப் போகிறாள் என்று சவேரியம்மாவுக்குத் தெரிந்தது. விளக்கு அங்கே இருந்தது.

இவள் கிண்ணத்தை எடுத்தாள். சாய்க்கும் முன் கை நின்றது. கட்டுப்போடும் பஞ்சில் இழையளவு பிய்த்துப் பிள்ளையின் மூக்குக்கு நேரே பிடித்தாள். பஞ்சு ஆடியது. அதற்குப் பிறகு தாமதிக்கவில்லை. மூன்று தரம் விட்டாள், திருநீற்றின் மேலேயே. வார்த்தைகளை ஒன்றும் விடாமல், தன் காதில் விழும்படி, சத்தமாகவே சொன்னாள். வாசற்படியில் இருந்த சின்னத்தம்பி திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளையம்மா வந்தபோது அவள் பெருவிரல் கறுத்திருந்தது. சவேரியம்மாவின் விரல் நனைந்திருந்தது. பிள்ளையின் நெற்றியில் திருநீறு கரைந்து புருவத்தில் வழிந்திருந்தது. ஒருத்தி விரலை ஒருத்தி பார்த்தாள்.

பத்து மணிக்கு முன்னால் குப்பன் போனான்.

வெள்ளையம்மா போர்வையை விலக்கினாள். இடது குதிகாலில் மச்சத்தின் மேலேயே கரியை அழுத்தினாள். பிறகு விரலை எண்ணெயில் மறுபடி தோய்த்து வலது குதிகாலிலும் ஒன்று வைத்தாள். எந்தக் கால் என்று இனி யாரும் சொல்ல முடியாதபடி இரண்டையும் ஒரே அளவாகத் திருத்தினாள்.

மேடையில் கழுவும்போது கூடவே வந்து நின்றாள். மூர்த்திக்கு அப்படி நிற்கவில்லை. "கணுக்காலுக்குக் கீழ தொடாத" என்றாள். சவேரியம்மா தலையிலிருந்து கணுக்கால் வரை கழுவித் துடைத்தாள். கால்களை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டவள் தாய்தான். துணி சுற்றி முடித்ததும் சின்னத்தம்பி வாங்கிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு வெள்ளையம்மா ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. லயத்தில் விஷயம் மெல்லப் பரவியது. பிள்ளையைப் பறிகொடுத்த பெண்கள் சிலர் வந்து, எங்கள் பிள்ளைக்கும் ஊற்றினாயா என்று கேட்டார்கள். சவேரியம்மா ஒருத்தியிடமும் பொய் சொல்லவில்லை. ஒருத்தி அவள் முகத்தில் துப்பிவிட்டுப் போனாள். இன்னொருத்தி, அப்படியானால் அவன் அங்கே பசியில்லாமல் இருப்பானா என்று கேட்டுவிட்டு அழுதாள். சில மாதம் தாய்மார் கட்டிலை விட்டு அசையாமல் காவல் இருந்தார்கள். காவல் இருந்தாலும் எல்லாரும் எப்போதாவது கிணற்றடிக்குப் போகத்தான் வேண்டும்.

1928-ல் வெள்ளையம்மாவுக்குப் பெண் பிறந்தது. பிரசவத்துக்குச் சவேரியம்மாவைக் கூப்பிடவில்லை; மலாய்க்காரர் கிராமமான கம்பத்திலிருந்து பீடான் என்கிற மருத்துவச்சியைக் கூட்டி வந்தார்கள். புஷ்பவள்ளி என்று பெயர் வைத்தார்கள் என்று காதில் விழுந்தது. இரண்டு குதிகாலிலும் ஒன்றும் இல்லை என்பதும் காதில் விழுந்தது.

ஆறு மாதம் கழித்து அம்மை குத்த எல்லாப் பிள்ளைகளையும் கொண்டுவரச் சொல்லி உத்தரவு. வெள்ளையம்மாவும் வரிசையில் நின்றாள். கிரகோரி கையைக் கீறும்போது பிள்ளையைப் பிடித்துக்கொள்வது சவேரியம்மாவின் வேலை. பிடித்தபோது அவள் கண் தானாகக் காலுக்குப் போயிற்று. வலது, பிறகு இடது. சுத்தமான ரோஜா நிறக் கால்.

"அங்க இல்ல" என்றாள் வெள்ளையம்மா. "மூக்கப் பாருங்க அக்கா."

மூக்கின் இடப்பக்கம், குப்பனுக்குக் குத்தியிருந்த இடத்தில், ஊசிமுனை அளவு பள்ளம் ஒன்று இருப்பதாக அவள் சொன்னாள். பொண்ணா வந்து ஏமாத்தப் பார்த்தான், விடுவேனா என்றாள். சவேரியம்மா குனிந்து பார்த்தாள். பள்ளம் என்றால் பள்ளம். கொசு கடித்த தடம் என்றால் அதுவும்தான்.

"கைய ஆட்டாம புடிச்சுக்க" என்று மட்டும் சொன்னாள்.

தீவைப் பற்றிச் சொன்னதை வெள்ளையம்மா திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. குதிகாலைப் பற்றிச் சொன்னதை இவளும் எடுத்துக்கொள்ளவில்லை. 1936-ல் வேலையை விட்டு நிற்கிற வரைக்கும் சவேரியம்மா தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்தவில்லை. ஒன்று மட்டும் மாறியது. கிண்ணத்தைச் சாய்க்கும் முன் பஞ்சில் ஓர் இழை பிய்த்துப் பிள்ளையின் மூக்குக்கு நேரே பிடிப்பாள். இது எதற்கு என்று கிரகோரி ஒரு தரம் கேட்டார். உயிர் இருக்கும்போது ஊற்றினால்தானே செல்லும், முறையாகச் செய்ய வேண்டாமா என்றாள்.

சில பிள்ளைகளுக்குப் பஞ்சு உடனே ஆடாது. அவள் கையை எடுக்க மாட்டாள். ஆடுகிற வரைக்கும் பிடித்திருப்பாள். அந்தப் பலகைச் சுவருக்குள் எப்போதும் கொஞ்சம் காற்று வந்துகொண்டுதான் இருந்தது.